வைகை வடகரைக் கலைஞர்கள்: பரவையிலிருந்து வந்த பாட்டி

சென்ற இதழ் வரை நாம் பார்த்தது ஆண்பிள்ளைகளின் கதை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் மேடைப் பாடம் படித்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆரும் பி.யு.சின்னப்பாவும் வளர்ந்தார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் சபா எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் ‘மதுரை தேவி பால விநோத சங்கீத சபா’ என்றே பெயர்ப்பலகை மாட்டியது. அந்த சபாவிலிருந்துதான் எம்.என்.நம்பியார் 1935-ல் ‘பக்த ராமதாஸ்’ படத்துக்குப் போனார்.

இவர்களின் வரலாற்றை எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. எந்த வாத்தியாரிடம் பாடம், எந்த ஊரில் அரங்கேற்றம், மாதம் என்ன சம்பளம், எந்த வயதில் குரல் உடைந்தது என்று எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. பிற்காலத்தில் தமிழ் சினிமாவில் அப்பாவாகவும் வில்லனாகவும் பண்ணையாராகவும் நின்ற பெரும்பாலான துணை நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்பு இந்தக் கம்பெனி வீடுகளில்தான் தொடங்குகிறது. அது பயிற்சி என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் கம்பெனி வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. ஸ்திரீ பார்ட்டையும் பையன்களே கட்டினார்கள். அப்படியானால் நம் படங்களில் அம்மாவாகவும் அப்பத்தாவாகவும் வந்து நின்ற தென்பாண்டிப் பெண்கள் எங்கே படித்தார்கள்? ஸ்பெஷல் நாடக மேடை ஒரு வழி. கே.பி.சுந்தராம்பாள் அந்த வழியில் வந்தவர். இன்னொரு வழி வயல்காடு. அந்தப் படிப்பை யாரும் படிப்பாக எண்ணவில்லை. அதனால் அங்கிருந்து வந்த பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் ‘கண்டுபிடிக்கப்பட்டவர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பரவை முனியம்மாவைப் பற்றியும் அப்படித்தான் எழுதினார்கள். இந்த இதழில் அதைச் சரிசெய்ய முயல்கிறேன்.

எங்கள் செல்லூரிலிருந்து பரவை பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தத்தனேரியைத் தாண்டி, விளாங்குடி வழியாகத் திண்டுக்கல் சாலையைப் பிடித்தால் பரவை. அதையும் தாண்டினால் சமயநல்லூர். ஆற்றின் வடகரையில் ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. செல்லூர் தறி ஊர். சம்பந்தர் பாடிய ஆப்பனூர்க் கோயில் இருக்கும் இடம் என்றாலும், வெளியூர்க்காரர்களுக்குச் செல்லூர் என்றால் துண்டும் விசைத்தறிச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். மேற்கே போகப் போகத் தறி குறைந்து நெல் தொடங்கும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்குத் திரும்பிய பிறகு, பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு கால்வாயை நம்பி மதுரைக்கு வடக்கே பெரிய வயற்பரப்பு உருவானது. அணைத் தண்ணீரோடு நடவு வேலையும் பெருகியது. நடவு என்றால் பெண்கள் கூட்டம். கூட்டம் சேர்ந்தால் பாட்டு.

அந்தப் பாட்டின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்த உடம்புக்கு மூச்சு நீளாது. அதனால் அடிகள் சின்னதாக வெட்டி நிற்கும். எடுத்துக் கொடுப்பவளின் குரல் வரப்பின் மறுகோடி வரை கேட்க வேண்டும். அதனால் வாய் நன்றாகத் திறந்து, தொண்டையை மூடாமல், அடியின் கடைசி எழுத்தை மேலே தூக்கி வீசுவாள். அந்த வீச்சு முடிகிற இடத்தில் அடுத்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். தாளம் அவள் கையில். நாற்று முடியை அவிழ்க்கும் வேகம் குறைந்தால் பாட்டும் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்றால் பாட்டும் ஓடும்.

அடுத்தது பேர் சொல்லிப் பாடுவது. வரப்பில் வந்து நிற்கிறவர் வயலுக்குச் சொந்தக்காரரோ, வழிப்போக்கரோ, புது மாப்பிள்ளையோ, அவருடைய பெயரையும் குலத்தையும் நடையையும் மீசையையும் அந்த நிமிடத்தில் பாட்டுக்குள் இழுத்துப் போட வேண்டும். பெயர் எத்தனை எழுத்தானாலும் தாளத்துக்குள் அடங்க வேண்டும். ஆள் மனம் குளிர்ந்தால் கையில் காசு விழும். ஒப்பாரியிலும் இதே வித்தைதான். செத்தவரின் பெருமையை, அவர் விட்டுப்போன சொந்தங்களின் பெயர்களை, கேட்கிறவர்கள் கண்ணில் நீர் வரும்படி அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். எழுதி வைத்துப் படிக்கிற பாட்டு இல்லை இது. நா.வானமாமலை போன்றவர்கள் தொகுத்துப் புத்தகமாக்கிய பாடல்களில் நமக்குக் கிடைப்பது சொற்கள் மட்டும். அவற்றைச் சட்டென்று கட்டும் திறமை பாடுகிறவளிடமே இருந்தது.

பரவை முனியம்மா இந்த மண்ணில் தேர்ந்தவர். சினிமாவுக்கு முன்பே அவர் ஊர்த் திருவிழா மேடைகளில் பெயர்பெற்ற பாடகி. பங்குனியில் தொடங்கி ஆடி வரை மதுரை வட்டாரத்தில் அம்மன் கோயில்களுக்குக் கொடை, பொங்கல், முளைப்பாரி என்று வரிசையாக வரும். ஒருநாள் வள்ளி திருமணம், ஒருநாள் கரகாட்டம், ஒருநாள் கிராமியப் பாட்டுக் கச்சேரி. விழாக் கமிட்டி வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்கும். இரவு பத்து மணிக்கு மேல் மேடையேறினால் விடியும்போதுதான் இறங்க முடியும். செல்லூரில் தெருவை அடைத்துப் போட்ட பந்தல்களுக்கு முன்னால், தறிவேலை முடித்து வந்து உட்கார்ந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மேடையின் கடுமை தெரியும். தூக்கம் வருகிற கூட்டம், எழுந்து போகத் தயாராக இருக்கிற கூட்டம். ஒரு பாட்டு சரியில்லை என்றால் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடும். அதைப் பிடித்து உட்கார வைக்கப் பாடகிக்குக் குரல் மட்டும் போதாது. பேச்சு வேண்டும், ஏட்டிக்குப் போட்டி வேண்டும், முன்வரிசைக் கிழவரை வம்புக்கிழுக்கத் தெரிய வேண்டும், அவர் கோபித்துக்கொள்ளும் முன் அவரையே புகழ்ந்து பாடவும் தெரிய வேண்டும்.

வயலில் வரப்பிலிருந்து விழுந்த காசு, மேடையில் அன்பளிப்பு ஆனது. நூறு ரூபாய் கொடுத்தவரின் பெயரை மைக்கில் சொல்லிப் பாட வேண்டும். வித்தை அதேதான். முனியம்மா அந்த வித்தையோடு வெளிநாட்டு மேடைகள் வரைக்கும் போய் வந்தவர். ஆகவே, 2003 பொங்கலுக்கு ‘தூள்’ வெளியானபோது தமிழ்நாடு முதன்முதலாகப் பார்த்தது ஒரு புதுமுகத்தை என்று சொன்னால் அது பாதி உண்மை. பல ஆண்டு மேடை அனுபவம் உள்ள ஒரு கலைஞர், அறுபதைக் கடந்த வயதில், இன்னொரு மேடைக்கு வந்திருந்தார்.

அவர் வந்து நின்ற இடத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. தமிழ் சினிமாவில் பாடும் கிழவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1953-ல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’. சுந்தராம்பாள் அதில் கிழவியாக வந்தார் என்பதைவிடக் கிழவியே படத்தின் தலைவியாக இருந்தாள் என்பது முக்கியம். மன்னர்கள் அவள் சொல்லுக்குப் பணிந்தார்கள். 1965-ல் ‘திருவிளையாட’லில் அதே ஔவை, கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் முருகனுக்கே புத்தி சொல்கிறாள். பாடும் மூதாட்டிக்கு அன்றைய திரை கொடுத்த இடம் அது. அவள் குரலுக்குக் கீழே அரசனும் கடவுளும் நின்றார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1985 கடைசியில் பாண்டியராஜனின் ‘ஆண்பாவம்’ வந்தது. இந்தப் படத்தைப் பற்றி இந்தத் தொடரில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரமே அதில் கூடியிருந்தது. அப்பாவாக வந்தவர் விருதுநகர் வி.கே.ராமசாமி, இருபதைக் கடந்ததுமே கிழவர் வேடம் கட்டத் தொடங்கி, ஆயுள் முழுக்க அப்பாவாகவே வாழ்ந்த மனிதர். பெரிய பாண்டியாக நடித்த பாண்டியன், மீனாட்சியம்மன் கோயில் அருகே வளையல் கடையில் இருந்தவர்; பாரதிராஜா அவரை ‘மண்வாசனை’க்கு அழைத்துப் போனார். அப்பத்தாவாக வந்தவர் சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி. அவரும் வயலிலிருந்தும் வானொலியிலிருந்தும் வந்த பாடகி. இளையராஜாவின் இசையில் தன் குரலிலேயே பாடினார். அந்த வீட்டில் அவருக்கு இடம் இருந்தது. பேரன்களோடு சரிக்குச் சமமாக மல்லுக்கட்டினார், கோபித்துக்கொண்டார், கதையின் திருப்பங்களுக்கு நடுவே உயிரோடு இருந்தார். ஔவையின் அதிகாரம் இல்லாவிட்டாலும் வீட்டுக் கிழவியின் உரிமை இருந்தது. கருப்பாயி 2025-ல்தான் மறைந்தார். ‘ஆண்பாவ’த்துக்குப் பிறகு அவருக்கு அதற்கு ஈடான ஒரு வேடம் வரவே இல்லை என்பது என் கருத்து.

அதன் பிறகு நாட்டுப்புறக் குரல் திரையில் குறைந்துவிடவில்லை; கூடியது. தேனி குஞ்சரம்மாள் போன்றவர்களைத் தேடி ஏ.ஆர்.ரஹ்மான் போன்ற இசையமைப்பாளர்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கல்லூரி மேடைகளிலும் வானொலியிலும் கிராமியப் பாட்டுக்கு ஒரு மரியாதையை உண்டாக்கியிருந்தார். கேசட் கம்பெனிகள் மூலம் இந்தப் பாட்டு டீக்கடைக்கும் தறிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. தறி ஓடும்போது மெல்லிசை கேட்காது. இந்தத் திறந்த தொண்டைப் பாட்டு கேட்கும். செல்லூர்த் தறிக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இனி ‘தூள்’. தரணி இயக்கம், ஏ.எம்.ரத்னம் தயாரிப்பு, வித்யாசாகர் இசை. ஊர்த் தண்ணீரை ஆலைக் கழிவு கெடுத்துவிட, அதற்கு நியாயம் கேட்டுக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வருகிறார்கள் விக்ரமும் ஜோதிகாவும். கூடவே ஒரு பாட்டி. சென்னையில் அவர்களுக்குப் பழக்கமாகும் ஆளாக விவேக். அவர் நம் கோரிப்பாளையத்து அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அரசியல்வாதியும் அடியாட்களும் தெலங்கானா சகுந்தலாவின் சொர்ணாக்காவுமாக எதிர்க்கட்சி பலமானது. அந்தக் கூட்டத்தில் இந்தப் பாட்டிக்குப் பெரிய வசனம் எதுவும் இல்லை. கதையின் போக்கை மாற்றும் வேலையும் இல்லை. எழுத்தில் பார்த்தால் கூடவே வந்துபோகிற துணை வேடம்.

ஆனால் சண்டைக்காட்சி வருகிறது. பேரன் அடியாட்களோடு மோதும்போது கிழவி பாடத் தொடங்குகிறாள், ‘சிங்கம்போல’ என்று. தமிழ்ப் படங்களில் சண்டைக்குப் பின்னணி இசை உண்டு, நாயகனுக்கு அறிமுகப் பாட்டு உண்டு. சண்டை நடக்கிற இடத்தில் நின்று ஒருவர் அதைப் பாட்டாகவே சொல்லிக்கொண்டு போவது அபூர்வம். அந்தக் காட்சியை இன்று போட்டுப் பார்த்தாலும் ஒன்று தெரியும். வெட்டும் காட்சித் துண்டுகளுக்கும் அடிக்கும் தாளத்துக்கும் நடுவில், பாட்டின் ஒவ்வோர் அடியும் கடைசி எழுத்தில் மேலே ஏறி வீசப்படுகிறது. வீச்சு முடியும் இடத்தில் மேளம் பிடிக்கிறது. நடவு வரிசையில் மற்றப் பெண்கள் செய்த வேலையை இங்கே வித்யாசாகரின் தாளக் கருவிகள் செய்கின்றன. பாட்டு சொல்வதும் பழைய சங்கதிதான். எதிரே நிற்கிற ஆளின் நடை, மீசை, வீரம். வரப்பில் நின்றவரைப் பேர் சொல்லிப் பாடிய அதே வித்தை, அதே கட்டுமானம். வரப்பில் விக்ரம் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே இசைத்தடம் முன்பே தயாராகியிருக்கும். பாடுகிறவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஓடுகிற தாளத்துக்குள் குரலைப் பொருத்த வேண்டும். பக்கத்தில் மேளக்காரர் இல்லை, எதிரே கூட்டம் இல்லை, சிரிக்கும் கிழவர் இல்லை. தாளத்தைத் தானே ஓட்டிப் பழகிய ஒருவருக்கு இது எளிய மாற்றமில்லை. நாட்டுப்புறப் பாடகர்கள் பலர் திரைக்கு வந்ததும் தட்டையாகிப் போவதற்கு இதுதான் காரணம். குரல் இருக்கும், உந்துதல் இருக்காது. முனியம்மாவின் பாட்டில் அந்த உந்துதல் குறையவே இல்லை. முகத்தைப் பாருங்கள். பாடுகிற உதடுகளுக்கு மேலே கண்கள் பேரனைத் துரத்திக்கொண்டே இருக்கின்றன. கேமரா தன் மீது இருக்கிறதா என்ற கவலையே அந்த முகத்தில் இல்லை. இரவு முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துப் பாடியவருக்குத்தான் அப்படி ஒரு பார்வை வாய்க்கும். நடிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அந்தப் பார்வையில் இருந்தது.

அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. அதற்கு அடுத்த ஆண்டு தரணியின் ‘கில்லி’யும் பாலாஜி சக்திவேலின் ‘காத’லும் வந்து, பிறகு ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’ என்று மதுரைப் பேச்சும் மதுரைத் தெருவும் திரையை நிறைத்த காலம். ஊர்க்காரர்களை அப்படியே திரைக்குக் கொண்டுவரும் வழக்கம் பெருகியது. முனியம்மாவுக்குப் படங்கள் வந்தன. தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார். மேடைக் கச்சேரிக்கு ‘தூள் புகழ்’ என்ற அடைமொழி சேர்ந்தது.

எனக்கு வருத்தம் தருவது இதற்குப் பிறகு நடந்ததுதான். வந்த வேடங்களில் பெரும்பாலானவை ‘தூள்’ பாட்டியின் நகல்கள். நாயகன் வருவான், பாட்டி நாலு வரி பாடுவாள், கூட்டம் கைதட்டும், பாட்டி திரையிலிருந்து மறைந்துவிடுவாள். ‘ஔவையார்’ வந்தது 1953, ‘தூள்’ வந்தது 2003. சரியாக ஐம்பது ஆண்டுகளில் பாடும் மூதாட்டி, அரசனுக்குப் புத்தி சொன்ன இடத்திலிருந்து நாயகனைப் புகழும் இடத்துக்கு இறக்கப்பட்டாள். நடுவில் கருப்பாயிக்கு இருந்த வீட்டு உரிமைகூட அவளிடமிருந்து போய்விட்டது. முனியம்மாவிடம் புகழ்ப்பாட்டு மட்டுமா இருந்தது? வம்புப் பாட்டு இருந்தது, வசவு இருந்தது, மாமியாரையும் கட்டினவனையும் கிழித்துத் தொங்கவிடும் பாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது. திருவிழா மேடையில் விடிய விடிய விரிந்த அந்தக் களஞ்சியத்திலிருந்து தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பக்கம். ஒரு முழுநீள வேடத்தை அவரை நம்பி எழுதியிருந்தால் அவர் அதைச் சுமந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்குச் சாட்சியாக ஒரு படம் உண்டு: 2010 ஜனவரியில் வந்த சி.எஸ்.அமுதனின் ‘தமிழ்ப்படம்’. தமிழ் சினிமாவின் தேய்ந்த வழக்கங்களையெல்லாம் கேலி செய்த படம். அதன் தொடக்கமே நம் உசிலம்பட்டிப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பெண் சிசுக்கொலையைப் பற்றி பாரதிராஜா 1994-ல் எடுத்த ‘கருத்தம்மா’வைத் தலைகீழாக்கி, ஆண் குழந்தைகள் வளர்ந்து சினிமா நாயகர்களாகிவிடுவார்கள் என்று பயந்து அவர்களைப் பிறந்ததும் கொல்கிற ஊராக ‘சினிமாபட்டி’யைக் காட்டினார்கள். பிறந்த பேரனைக் கொல்லாமல் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறும் பாட்டியாக முனியம்மா. பேரன் நாயகனாவதற்குக் காரணமே அவர்தான்.

கேலிப்படத்தில் நடிப்பது கடினம். தான் கேலி செய்கிறேன் என்று முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தாலும் காட்சி விழுந்துவிடும். நாயகன் சிவா உட்பட அந்தப் படத்தில் எல்லோரும் அந்த விதியைக் கடைப்பிடித்தார்கள். முனியம்மா ஒரு படி மேலே போய், நிஜமாகவே ஒரு சிசுவைக் காப்பாற்றுகிற கிழவியின் பதற்றத்தோடு அதைச் செய்தார். அதனால்தான் சிரிப்பு வந்தது. ‘தூள்’ மூலம் தனக்கு வந்து சேர்ந்த ‘நாயகனின் பாட்டி’ என்ற உருவத்தையே அவர் இங்கே முழு மனதோடு விளையாடக் கொடுத்தார். திருவிழா மேடையில் முன்வரிசைக் கிழவரோடு ஏட்டிக்குப் போட்டி நடத்திய பெண்ணுக்கு நகைச்சுவையின் நேரக்கணக்கு புதிதில்லை. அதைத் திரை ஏழு ஆண்டு கழித்துத்தான் கவனித்தது.

2014-ல் ‘மான் கராத்தே’. அனிருத் இசையில் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து ‘ராயபுரம் பீட்டர்’ பாட்டில் அவர் குரல் வருகிறது. வடசென்னைக் கானாவின் துள்ளலுக்குள் மதுரைப் பக்கத்துக் கிழவியின் தொண்டை. பேரன் வயதுப் பிள்ளைகளின் இசைக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது, பிசிறடிக்கவும் இல்லை.

அதற்கு மறு ஆண்டே அவர் நோயிலும் வறுமையிலும் இருக்கிறார் என்ற செய்தி வந்தது. கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். இத்தனை பிரபலமான பாட்டு, இத்தனை படம், பிறகு எப்படி வறுமை என்று கேட்டார்கள். துணை நடிகர்களின் வரவு எப்படி அமைகிறது என்று தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. துணை வேடத்துக்குக் கூலி நாள் கணக்கில். இரண்டு நாள் கால்ஷீட் என்றால் இரண்டு நாள் பணமும் பேட்டாவும். படம் நூறு நாள் ஓடினாலும் அந்தக் கணக்கு மாறாது. பாட்டுக்கும் ஒலிப்பதிவன்று தரப்படும் ஒரே தொகைதான் அன்றைய வழக்கம். பாடகர்களுக்கும் ராயல்டியில் உரிமை உண்டு என்று காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதே 2012-ல்தான். ஒரு பாடகரின் நிலையான வருமானம் திருவிழாக் கச்சேரிதான். அது உடம்பு ஒத்துழைக்கும் வரைதான் வரும். இரவு முழுக்க நின்று பாட முடியாத முதல் பங்குனியில் அது நின்றுவிடும். கம்பெனி நாடகக்காரர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது, முந்தைய இதழ்களில் பார்த்தோம். ஆனால் அவர்களில் சிலருக்காவது பட்டணத்தில் வீடும் சங்கத்தில் பதவியும் இருந்தன. பரவையில் இருந்தபடியே பாடிய ஒருவருக்கு அந்தத் தொடர்புகள் கிடையாது.

2015-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, எம்.ஜி.ஆர். பெயரிலான அறக்கட்டளையிலிருந்து 6 லட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். திரையுலகத்தினர் சிலரும் கைகொடுத்தார்கள். அந்த உதவிகளை நன்றியோடுதான் குறிப்பிட வேண்டும். ஆனால் அவை அவருக்கு உதவியாகத்தான் வந்தன. அவர் பாடிய பாட்டு ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அவருக்கு உரிய பங்கு என்ற பெயரில் வந்திருந்தால், கடைசிக் காலத்தில் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்காது. கலைஞர் ஒருவர் நோயுற்ற பிறகு செய்தியாவதும், செய்தியான பிறகு நிதி வருவதும் நம் நாட்டில் ஒரு முறையாகவே ஆகிவிட்டது. இந்த முறை எனக்குச் சம்மதமில்லை.

2020 மார்ச் 29-ஆம் தேதி முனியம்மா பரவையில் காலமானார். எண்பதைத் தாண்டிய வயது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். பங்குனி பாதி ஓடியிருந்தது. ஊர் ஊருக்குக் காப்புக்கட்ட வேண்டிய நேரம். அவ்வாண்டு எந்த அம்மன் கோயிலிலும் மேடை போடவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் சில பட்டர்களோடு நடந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. கரகம், நையாண்டி மேளம், ஸ்பெஷல் நாடகம், கிராமியப் பாட்டு என்று இந்த வட்டாரத்துக் கலைஞர்கள் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து உழைக்கிற மாதங்கள் அத்தனையும் ஒரேயடியாகப் போயின. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. மேளத்தை விற்றவர்கள் உண்டு. வேறு வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. அடுத்த ஆண்டும் கொரோனா விட்டபாடில்லை. முனியம்மாவோடு மேடையேறிய தலைமுறைக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் பேரிடி.

இன்றைக்கும் ‘தூள்’ காட்சி யூடியூபிலும் செல்போன் வீடியோக்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நாயகனின் நடைக்கும் அந்தப் பாட்டைப் பொருத்திப் பார்க்கிறார்கள். அவருடைய முழு இரவுக் கச்சேரிகளோ திருவிழா வீடியோக்காரர்களின் பழைய கேசட்டுகளில்தான் கிடக்க வேண்டும். கல்யாணத்தையும் திருவிழாவையும் விஎச்எஸ் நாடாவில் பிடித்துக் கொடுத்த ஸ்டூடியோக்கள் வடகரையில் ஒவ்வோர் ஊரிலும் இருந்தன. அந்த நாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலோ, கோயில் கமிட்டியின் இரும்புப் பெட்டியிலோ அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சினிமா காட்டாத முனியம்மா அதில்தான் இருக்கிறார். நாடாவைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் மதுரையில் இன்னும் இருக்கின்றன.

அடுத்த இதழில் மானாமதுரையிலிருந்து வந்த காந்திமதி. ‘16 வயதினிலே’யில் மயிலுக்கு அம்மாவாக நடித்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். அந்தக் குருவம்மாளின் வாயிலிருந்து வந்த பழமொழிகளும் வசவுகளும் எந்தத் தெருவின் பேச்சு என்பதிலிருந்து தொடங்குவோம்.